காசு தேடும் கருவி: வாங்குமுன் மூன்று வினாக்கள்

மண்ணுக்கடியிற் கிடக்கும் உலோகத்தை ஒலியெழுப்பிக் காட்டும் கருவி இன்று விரும்பியவர் வாங்கத்தக்க பண்டமாகிவிட்டது. பழங்காசு தேடும் ஆர்வமுடைய நம்மவர் சிலரும், "எந்தக் கருவி சிறந்தது? எவ்வளவு பணம் போடலாம்?" என வினவத் தொடங்கியுள்ளனர். வினவுவதிற் குற்றமில்லை. ஆயினும் வினாக்களின் வரிசை பிழைத்துவிட்டது. எந்த மண்ணில் தேடப்போகிறோம், எந்தச் சட்டத்தின்கீழ்த் தேடப்போகிறோம், எதற்காகத் தேடப்போகிறோம் என்னும் மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே விலையைப் பற்றிப் பேசுதல் தகும்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். கருவியின் வளையம் மின்காந்த அலையை நிலத்துட் செலுத்துகிறது. உலோகம் இருப்பின் அது எதிரலையை எழுப்புகிறது. காசு தேடுவோர் பெரும்பாலும் வாங்குவது தாழ் அதிர்வெண் வகை. இது இரும்பை ஒதுக்கிப் பிற உலோகங்களை ஓரளவு பிரித்துக் காட்டும். சிறு காசொன்றை ஏறத்தாழ 6 முதல் 10 அங்குல ஆழம்வரை உணரும்; அதற்கு மேல் வாக்களிக்கும் விளம்பரங்களை நம்பற்க. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் இரும்புச் சத்து மிகுதி. ஆகவே நில இயல்புக்கேற்பத் திருத்தியமைக்கும் வசதியில்லாத மலிவுக் கருவி அங்கு வீண் ஒலியே எழுப்பும். உப்புநீர் ஊறிய கடற்கரை மணலுக்குப் பல அதிர்வெண் கருவியோ துடிப்பு வகைக் கருவியோ வேண்டும். துடிப்பு வகை ஆழமாக உணரும். ஆனால் ஆணியையும் காசையும் செவ்வனே பிரித்தறியாது. பெரிய வளையம் ஆழம் காணும். குப்பை மிகுந்த வளவில் அருகருகே கிடப்பவற்றைப் பிரித்தறியச் சிறிய வளையமே உதவும். பழைய ஈயக் காசும் இன்றைய அலுமினியத் தகடும் ஏறக்குறைய ஒரே குரலிற் பேசும்.

இவையெல்லாம் எந்நாட்டவர்க்கும் பொது. நம் வடக்கு மண்ணுக்கு வேறொரு தன்மையும் உண்டு. தோட்டாவின் பித்தளைக் கோதும் கருவிக்குக் காசுபோலவே ஒலிக்கும். முப்பதாண்டுப் போர் கண்ட நிலத்திலே ஒலி கேட்ட இடமெல்லாம் மண்வெட்டி போடுபவன், காசைத் தோண்டுகிறானா வெடிக்காத குண்டைத் தோண்டுகிறானா என்பதைத் தோண்டும்வரை அறியான். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது. எனினும் துப்புரவுப் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. பயிற்சி பெற்ற பணியாளர், தலைக்கவசமும் மார்புக்கவசமும் பூண்டு, ஒவ்வோர் ஒலியையும் அங்குலம் அங்குலமாகச் சோதித்து முன்னேறும் நிலத்தில், விடுமுறைப் பொழுதுபோக்காகக் கருவியோடு உலாவுதல் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இரண்டாவது, சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, கண்டெடுக்கப்படாத தொல்பொருள்கள் அரசின் உடைமை. காணி நம்முடையதாயினும் அதனுட் கிடக்கும் பழங்காசு நம்முடையதாகாது. தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அநுமதிப் பத்திரமின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுதல் குற்றம். புதையல் தோண்டியதாகக் கருவியோடு கைதானோர் பற்றிய செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். உயர்ந்த விலைக் கருவி வைத்திருந்தமை நீதிமன்றத்தில் நமக்குச் சாட்சி சொல்லாது, நமக்கெதிராகவே சொல்லும்.

மூன்றாவதும் தலையாயதும், எதற்காக என்னும் வினா. "விற்பதற்கன்று, நம் வரலாற்றைக் காப்பதற்கே" என்பார் உளர். அவர்தம் நோக்கத்தை மதிக்கிறோம். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட, நந்தியும் 'சேது' என்னும் தமிழ்ச் சொல்லும் பொறித்த செப்புக் காசுகள் இம்மண்ணில் தமிழரசு நிலவியமைக்குக் கையில் எடுத்துக் காட்டத்தக்க சான்றுகள். ஆனால் காசு பேசுவது அது கிடந்த இடத்தோடு சேர்ந்திருக்கும்போதுதான். எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டுடன், எந்தச் சுவரின் அடியில் கிடந்தது என்பதை அறிந்தாலன்றி அதன் சாட்சியம் அரைகுறையே.

1980ஆம் ஆண்டு ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில், ஈமப் புதைகுழியொன்றில் எலும்புக்கூட்டுடன் எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. முறையாகத் தோண்டியமையால், அதை எவரோடு புதைத்தனர், எக்காலப் பண்பாட்டைச் சேர்ந்தது என ஆராய முடிந்தது. தெற்கே திசமகாராமைக்கு அண்மையிலுள்ள அக்குறுகொடையில் கிடைத்த எழுத்துப் பொறித்த ஈயக் காசுகளின் கதை வேறு. அவற்றுட் சில தமிழ்ப் பெயர் தாங்கியவை, பெறுமதி பெரிது. ஆனால் அவற்றுட் பெரும்பகுதி அகழ்வின்றிச் சேகரிப்பாளர் கைக்கு வந்தமையால், எழுத்தின் வடிவைக் கொண்டே காலம் கணிக்கவேண்டியதாயிற்று. ஐயம் எழுப்ப விரும்புவோர்க்கு நாமே வாசலைத் திறந்துவிடலாமா?

1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், நண்பரான கமக்காரர் தொலைத்த சுத்தியலைத் தேடி ஒருவர் கருவியோடு வயலில் இறங்கினார். கிடைத்ததோ உரோமர் காலப் புதையல். சிறிது தோண்டியதுமே நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்கு அறிவித்தார். ஆய்வாளர் வந்து முறைப்படி தோண்ட, 14,865 காசுகளும், அவற்றை வைத்திருந்த பேழையின் எச்சங்களும் வெளிவந்தன. புதையல் பிரித்தானிய நூதனசாலை சேர்ந்தது, 17.5 இலட்சம் பவுண் வெகுமதியைக் கண்டவரும் கமக்காரரும் பகிர்ந்துகொண்டனர். கருவியால் வந்த பெருமையிலும், மண்வெட்டியை நிறுத்திய அறிவால் வந்த பெருமையே பெரிது. 1997இல் சில பகுதிகளில் தொடங்கிப் பின்னர் விரிந்த திட்டத்தின்கீழ் அந்நாட்டிற் பகுதிதோறும் உத்தியோகத்தர் இருந்து, மக்கள் கொணரும் பொருள்களைப் பதிவுசெய்து, புதையற் சட்டத்துள் அடங்காதவற்றைத் திருப்பிக் கொடுக்கின்றனர். அங்கும் பாதுகாக்கப்பட்ட இடங்களில் அநுமதியின்றித் தேட முடியாது. காணிக்காரரின் சம்மதமும் வேண்டும்.

நம் கமக்காரரோ காசு கிடைத்தால் அறிவிக்க அஞ்சுகின்றனர். "இன்று காசைக் கொடுத்தால் நாளை காணிக்கு எல்லைக்கல் வரும்" என்னும் அச்சம் வெறுங்கற்பனையன்று. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கெனச் சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. தம் வரலாற்றை ஆராயும் அவையில் தமக்கே இடமில்லையெனக் கண்ட மக்கள், தம் காணியிற் கண்டதை எங்ஙனம் நம்பிக் கொடுப்பர்? ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்பது இது: மாவட்டந்தோறும் தமிழறிந்த பதிவு உத்தியோகத்தர் வேண்டும், கண்டவர்க்கும் காணிக்காரர்க்கும் நியாயமான வெகுமதி வெளிப்படையாக வழங்கப்படவேண்டும், காசு கிடைத்தமையை மாத்திரம் காரணங்காட்டி உழுநிலம் பறிபோகாதென்னும் உறுதி சட்டத்தில் எழுதப்படவேண்டும்.

அதுவரை நம் கடமையை நாம் விடலாகாது. கொத்தும்போதோ கிணறு வெட்டும்போதோ காசு தென்பட்டால் அவ்விடத்தில் வேலையை நிறுத்துக. புளியும் சாம்பலும் போட்டு மினுக்கற்க. துருவோடு எழுத்தும் போய்விடும். இடத்தையும் ஆழத்தையும் குறித்து, கைப்பேசியிற் படமெடுத்து, சட்டப்படி அதிகாரிகளுக்கு அறிவிக்குக. பல்கலைக்கழகத் தொல்லியல் ஆசிரியருக்கும் தெரிவிக்குக. படமும் குறிப்பும் பல கைகளில் இருப்பின் காசு எளிதில் மறைந்துபோகாது.

எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டோர்க்கு எமது விடை இதுவே: அநுமதி பெற்ற அகழ்வுக் குழுவோடு சேர்ந்து உழைக்க விரும்பின், நிலத்துக்கேற்பத் திருத்தத்தக்க, சிறு வளையமுடைய தாழ் அதிர்வெண் கருவி போதும். தனியே இரவில் தோண்டுவதற்காயின் எந்தக் கருவியும் வேண்டாம். அந்தப் பணத்தில் பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துச் சென்று ஒரு சேதுக் காசைக் காட்டுக. அதில் எழுதியிருப்பது அவர்கள் வாசிக்கக்கூடிய மொழி.