மன்னிக்கும் உரிமை யாருக்கு?

பிரான்சு நாட்டில், லிமோஜ் நகரத்துக்கு அருகே ஒரு சிற்றூர். பெயர் ஒராதூர்.

1944 ஜூன் 10, சனிக்கிழமை. பிற்பகலில் இட்லரின் எஸ்.எஸ். பட்டாளம் ஊரைச் சுற்றி வளைத்தது. அடையாளச் சீட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, எல்லோரையும் சந்தைத் திடலில் கூட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் விடவில்லை.

ஆண்களைக் கொட்டகைகளில் அடைத்துச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் மாதா கோவிலில் பூட்டித் தீ வைத்தார்கள். மாண்டவர்கள் 643 பேர். அவர்களில் 200-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மாதா கோவிலில் இருந்து ஒரே ஒரு பெண்தான் தப்பினார். சன்னல் வழியாக வெளியே குதித்தார்.

எரிந்த ஊரை அப்படியே விட்டு வைத்தார்கள். பக்கத்தில் புது ஊர் எழுந்தது. பழைய ஊரில் துருப்பிடித்த மோட்டார் கார்களும் தையல் மெஷின்களும் இன்றும் கிடக்கின்றன.

இது பலருக்கும் தெரிந்த கதை. நாம் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

1953-ல் போர்தோ நகரில் வழக்கு நடந்தது. அட்டூழியத்தை நடத்திய அதிகாரி டிக்மன், 1944-லேயே போர்முனையில் செத்துவிட்டான். கூண்டில் நின்ற சிப்பாய்கள் 21 பேர். அவர்களில் 7 பேர்தான் ஜெர்மானியர். மீதி 14 பேரும் பிரான்சின் அல்சேஸ் பகுதிக்காரர்கள்!

அது எப்படி என்று கேட்பீர்கள். 1940-ல் இட்லர் அல்சேசைப் பிடித்துக்கொண்டான். 1942 முதல் அங்கிருந்த வாலிபர்களைக் கட்டாயமாகத் தன் படையில் சேர்த்தான். அந்த 14 பேரில் 13 பேர் அப்படிப் போனவர்கள். ஒருவன் மட்டும் தானாகச் சேர்ந்தவன்.

கோர்ட்டு தண்டனை விதித்தது. அல்சேஸ் கொதித்தது. நாடு பிளவுபடுமோ என்று பாராளுமன்றம் பயந்தது. தீர்ப்பு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சட்டம் போட்டு 13 பேரையும் மன்னித்துவிட்டார்கள்.

ஒராதூர் மக்கள், அரசு கொடுத்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மன்னிப்புக்கு ஓட்டுப் போட்ட உறுப்பினர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி, ஊர் வாசலில் வைத்தார்கள்.

அல்சேஸ்காரர்களின் வேதனையும் பொய்யல்ல. இட்லர் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளில் பல்லாயிரம் பேர் வீடு திரும்பவே இல்லை. அந்தத் தாய்மாரும் அழுதவர்கள்தான். ஆனாலும் நமக்கு ஒன்று தோன்றுகிறது. தண்டனையைக் குறைப்பது சர்க்காரின் வேலை. மன்னிப்பது சர்க்காரின் வேலை அல்ல. பெற்ற பிள்ளையைச் சாம்பலில் தேடியவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

ரொபேர் எப்ரா என்பவருக்கு அன்று வயது 18. கொட்டகையில் பிணங்களுக்கு அடியில் கிடந்து பிழைத்தார். தாயையும் இரண்டு சகோதரிகளையும் பறிகொடுத்தார். 2013 செப்டம்பரில், ஜெர்மன் ஜனாதிபதி கவுக் ஒராதூருக்கு வந்தார். பிரெஞ்சு ஜனாதிபதி ஒல்லாந்தும் உடன் வந்தார். 88 வயது எப்ரா அவர்களோடு நடந்து, அந்த மாதா கோவிலுக்குள் போனார். எந்தச் சட்டமும் அவரை அனுப்பவில்லை.

2023-ல், 97-வது வயதில் எப்ரா காலமானார். கொட்டகையில் தப்பியவர்களில் அவரே கடைசி.