எந்தக் கதவைத் தட்டுவது?

“விட மாட்டேன், கோர்ட்டுல பார்த்துக்கலாம்!” வேலித் தகராறு முதல் முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போன காண்ட்ராக்டர் வரை, நம் ஆட்கள் வாயில் கடைசியாக வரும் வாக்கியம் இதுதான். எந்தக் கோர்ட்டு என்று திருப்பிக் கேட்டால் முழிப்போம்.

பட்டர்வொர்த்வாசிகளுக்கு இதில் பாதி எளிது. சிவில் வழக்கின் தொகை ஒரு லட்சம் ரிங்கிட் வரை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், ஒரு மில்லியன் வரை என்றால் செஷன்ஸ் நீதிமன்றம். 2013 முதல் இதுதான் வரம்பு. இரண்டும் இங்கேயே இருக்கின்றன. சாலை விபத்து வழக்கென்றால் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பே கிடையாது. ஆனால் விவாகரத்து வேண்டுமென்றால் கடல் தாண்டி ஜார்ஜ்டவுன் லைட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கையில் எவ்வளவு ஆதாரம் இருந்தாலும், தவறான வாசலில் நின்றால் நியாயம் யார் பக்கம் என்று பார்ப்பதற்கு முன்பே வழக்கு தடுமாறிவிடும். வழக்கறிஞர்கள் இதை ‘அதிகார வரம்பு’ என்பார்கள். கேட்டாலே கொட்டாவி வரும் சொல்தான். இந்தச் சொல்லுக்காக ஒரு தமிழ்த் தாய் ஒன்பது ஆண்டுகள் அலைந்தார்.

ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கைக் கேள்விப்படாத மலேசியத் தமிழர் குறைவு. வானொலியில் அதை இருபது நொடியில் சொல்லிவிடலாம்: கணவர் மதம் மாறினார், பிள்ளைகளையும் மாற்றினார், தாய் வழக்கில் வென்றார். ஆனால் அந்த ஒன்பது ஆண்டுகளில் பெரும்பகுதி எதில் கரைந்தது என்பது இந்த இருபது நொடிக்குள் அடங்காது.

2009 மார்ச்சில் கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். அடுத்த மாதமே மூன்று பிள்ளைகளுக்கும் மதமாற்றச் சான்றிதழ் வந்துவிட்டது. மூத்த பெண்ணுக்கு 12 வயது, மகனுக்கு 11 வயது, கடைசிப் பெண்ணுக்குப் பதினொரு மாதம். சான்றிதழ் தருவதற்கு முன் தாயை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகளும் அந்த இடத்துக்குப் போகவில்லை. கைக்குழந்தையைத் தந்தை தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தாய் எங்கே போவது? நம் நாட்டில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து புத்ராஜெயாவில் உள்ள கூட்டரசு நீதிமன்றம் வரை எல்லாம் கூட்டரசின் கீழ் வருபவை. ஷரியா நீதிமன்றங்கள் மாநிலத்தின் கீழ் வருபவை. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி, இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் மீது மட்டுமே அவற்றுக்கு அதிகாரம். 1988-இல் 121-ஆம் பிரிவில் (1அ) என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். ஷரியா நீதிமன்றத்தின் வரம்புக்குள் வரும் விஷயங்களில் உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது அதன் சாரம். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. முஸ்லிம் குடும்பங்களின் வழக்கில் ஷரியா நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை சிவில் நீதிமன்றம் வந்து கலைக்கக்கூடாது என்றார்கள். முஸ்லிம்களுக்குள் நடக்கும் வழக்குக்கு அது சரிதான். ஒரு பக்கம் முஸ்லிம், மறுபக்கம் இந்து என்றால்?

அதற்கு 2005-லேயே ஒரு பதிலைப் பார்த்தோம். 1997-இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற மலேசியக் குழுவில் இருந்த மூர்த்தி இறந்தபோது, அவர் முஸ்லிமாக மாறியிருந்தார் என்று சமய இலாகா சொன்னது. இல்லை என்று மனைவி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். இது எங்கள் வரம்பில் இல்லை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. உடல் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. மனைவி ஷரியா நீதிமன்றத்துக்கும் போக முடியாது, அவர் இந்து. ஒரு கதவு மூடியிருந்தது, இன்னொரு கதவு அவருக்காகக் கட்டப்பட்டதே அல்ல.

இந்திரா காந்தியும் இதே இடத்தில்தான் நின்றார். ஈப்போ ஷரியா நீதிமன்றம் 2009-இல் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைத்தது. 2010-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் தாயிடம் ஒப்படைத்தது. இரண்டு உத்தரவு, ஒரே குழந்தை. எதைச் செயல்படுத்துவது என்று போலீஸ் கையைப் பிசைந்தது. 2013-இல் ஈப்போ உயர்நீதிமன்ற நீதிபதி லீ சுவீ செங் மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தார். 2015 டிசம்பர் 30-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைப் புரட்டிப் போட்டது. மதமாற்றம் செல்லுமா என்பது ஷரியா நீதிமன்றத்தின் வேலை என்றார்கள் இரு நீதிபதிகள். மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் ஹமீட் சுல்தான் அபு பக்கார்.

2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். எழுதியவர் நீதிபதி சைனுன் அலி. இந்த வழக்கை இரு மதங்களின் சண்டையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அந்த ஐவரில் நால்வர் முஸ்லிம்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மதத்தைப் பற்றியதல்ல. ஓர் அதிகாரி சட்டப்படி நடந்தாரா, அதைச் சோதிக்க வேண்டியது யார் என்பதுதான் கேள்வி.

பதில் இப்படி வந்தது. சான்றிதழ் தந்த பதிவதிகாரி அரசாங்க ஊழியர். அவர் சட்டத்தை மீறினாரா என்று ஆராயும் அதிகாரம் உயர்நீதிமன்றத்தின் அடித்தள அதிகாரம். அரசியலமைப்பைத் திருத்தினாலும் அதைப் பிடுங்க முடியாது. ஷரியா நீதிமன்றத்துக்குச் சட்டம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரம் மட்டுமே உண்டு. பேராக் மாநிலச் சட்டம் மதம் மாறுபவர் தம் வாயால் கலிமா சொல்ல வேண்டும் என்கிறது. பிள்ளைகள் அங்கே இல்லவே இல்லை, ஆகவே சான்றிதழ் செல்லாது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் மதத்தைப் ‘பெற்றோர்’ தீர்மானிப்பார் என்று அரசியலமைப்பின் 12(4) பிரிவு ஒருமையில் சொன்னாலும், தாய், தந்தை இருவரும் இருக்கும்போது இருவரின் சம்மதமும் வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி திருமணச் சட்டத் திருத்தமும் அமலுக்கு வந்தது. இது வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சிவில் முறைப்படி திருமணம் செய்த தம்பதியரில் ஒருவர் இஸ்லாத்துக்கு மாறினால், முன்பு மாறாதவர் மட்டுமே சிவில் நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்க முடியும். இப்போது மாறியவரும் அங்கேயே கேட்கலாம். விவாகரத்து, பராமரிப்பு, சொத்துப் பங்கு எல்லாம் திருமணம் நடந்த அதே சட்டத்தின் கீழ் முடியும். மாறியவர் இடையில் இறந்துவிட்டால், மணவாழ்வில் சேர்த்த சொத்தில் மாறாத துணையும் பிள்ளைகளும் பங்கு கேட்கலாம். பிள்ளைகளின் மதத்தைப் பற்றி ஒரு பிரிவைச் சேர்க்க முயன்று, 2017-இல் கைவிட்டார்கள். அதனால் அந்த விஷயத்தில் இன்றும் நமக்குத் துணை 2018-ஆம் ஆண்டின் தீர்ப்பு மட்டும்தான்.

அந்தத் தீர்ப்பு நிற்கிறதா? நிற்கிறது. லோ சீவ் ஹோங் என்ற தாயின் மூன்று பிள்ளைகளைத் தந்தை தன்னிச்சையாக மதம் மாற்றியது செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னது. பெர்லிஸ் தரப்பு கூட்டரசு நீதிமன்றம் போக நினைத்தது. சிவில் வழக்கில் அங்கே நினைத்தவுடன் நுழைய முடியாது, முதலில் அனுமதி வாங்க வேண்டும். மே மாதம் அந்த அனுமதி மறுக்கப்பட்டது.

தீர்ப்பு நிற்கிறது, குழந்தைதான் வரவில்லை. தந்தையைக் கைது செய்யும்படி போலீசுக்கு 2016-லேயே கூட்டரசு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020-இல் இந்திரா காந்தி போலீஸ் படைத் தலைவர் உள்ளிட்டோர் மீது 100 மில்லியன் ரிங்கிட் கேட்டு வழக்குப் போட்டார். 2024-இல் அது தள்ளுபடியானது. கைக்குழந்தையாகப் போன அந்தப் பெண் பதினாறு வயதைத் தாண்டிவிட்டாள். எந்த நீதிமன்றம் என்ற கேள்விக்கு விடை தேடிய ஆண்டுகளில் அவள் நடக்கக் கற்றிருப்பாள், பேசக் கற்றிருப்பாள், பள்ளிக்கூடம் போயிருப்பாள். எந்த மொழியில் என்பதுகூட அவள் தாய்க்குத் தெரியாது.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இப்படி ஒரு நிலை வந்தால், நாள்காட்டியை எடுத்துவிடுங்கள். ஒப்பந்தத் தகராறுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அரசாங்க அதிகாரியின் முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கேட்க, மூன்றே மாதம்தான். தகுந்த காரணம் சொன்னால் நீதிபதி அவகாசம் நீட்டிக்கலாம், கட்டாயமில்லை. முடிவு உங்களுக்கு எந்தத் தேதியில் தெரிய வந்தது என்று எழுதி வையுங்கள், கடித உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். திருமணப் பதிவுச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் கையில் இருக்கட்டும். கோயிலில் தாலி கட்டி, பதிவை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் பதிவு அலுவலகத்துக்குப் போகட்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், குடும்ப வழக்குகளுக்குச் சட்ட உதவி இலாகா இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே போய் உட்கார்ந்ததும் முழுக் கதையையும் சொல்லத் தொடங்குவதற்கு முன், “இதை எந்த நீதிமன்றத்தில் போடுவது, எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது?” என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள்.