வண்டுக்கும் பிறப்புச் சாட்சிப் பத்திரம் வேண்டும்



கரிபியன் தீவொன்றில் புதிய வண்டினம் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு செய்தி வந்தால் நம்மவர்கள் இரண்டு விதமாக அதைக் கடந்து போவார்கள். ஒரு சாரார் "சுப்ஹானல்லாஹ்" என்று எழுதிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவார்கள். மற்றச் சாரார் "இதுக்குச் செலவழிக்கிற காசை ஏழைக்குக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பார்கள். இரண்டாவது ஆட்களோடு எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. அவர்களாவது ஒரு கேள்வி கேட்கிறார்கள். முதலாவது ஆட்களோடுதான் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது. படைப்பைப் பார்க்காமலே படைத்தவனைப் புகழ்ந்துவிட்டு ஓடுவதில் என்ன சிந்தனை இருக்கிறது? தப்பாக எடுக்க வேண்டாம். வண்டின் சிறகில் எழுத்துத் தெரிகிறது என்று சொல்லி யாரோ வெட்டி ஒட்டிய படத்தை ஆயிரம் பேர் பகிர்கிறோம். அதே வண்டின் உண்மையான சிறகு எப்படி மடிகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

முதலில் "கண்டுபிடிப்பு" என்ற சொல்லையே கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். வண்டைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. அந்தத் தீவுச் சிறுவர்கள் அதை எத்தனையோ தரம் பிடித்து விளையாடியிருக்கலாம். கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இது வேறொன்றுமில்லை, இதுவரை உலகில் எவரும் பதியாத இனம் என்று எழுத்தில் நிறுவ வேண்டும். விவரித்தல் என்பது அதைத்தான்.

ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, ஓடித் திரிகிறது. ஆனால் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லை. தரம் ஒன்றில் சேர்க்கப் போகும்போது என்ன நடக்கும் என்று பெற்றோருக்குத் தெரியும். பிள்ளை கண் முன்னால் நிற்கும், கடதாசியில் இராது. பெயரிடப்படாத வண்டின் கதியும் இதுதான். அது வாழும் காட்டை வெட்டினால் அதற்காக ஒருவரும் வாதாட முடியாது. அழிவாபத்துப் பட்டியலில் சேர்ப்பதென்றாலும் முதலில் ஒரு பெயர் வேண்டும்.

அந்தப் பத்திரம் எழுதும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. பிடித்த வண்டை ஊசியில் குத்துவார்கள், அதுவும் கண்ட இடத்தில் அல்ல, வலது பக்க உறைச் சிறகில்தான். ஊசி தாங்காத சின்ன வண்டை முக்கோணமாக வெட்டிய மட்டையின் நுனியில் ஒட்டுவார்கள். கீழே ஒரு சிறு துண்டுக் கடதாசி. எந்த இடம், எந்த உயரம், எந்தத் திகதி, யார் பிடித்தது, விளக்குப் பொறியிலா இலைக்குப்பையைச் சலித்தா என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தத் துண்டு தொலைந்தால் வண்டின் பெறுமதியில் பெரும்பகுதி போய்விடும். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து உணர்கொம்பில் எத்தனை துண்டம், காலில் எத்தனை கணு, உறைச் சிறகில் எத்தனை வரி என்று எண்ணுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அச்சடித்தது போலிருக்கும் இரண்டு இனங்கள் பல வேளைகளில் ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தில்தான் வேறுபடும். ஆகவே அதையும் வெட்டி எடுத்து வரைவார்கள். (இந்த இடத்தில் வகுப்பில் சிரிப்பு வரும். வரட்டும் என்று விட்டுவிடுவேன்.)

அதோடு முடியவில்லை. நெருங்கிய சொந்தக்கார இனங்கள் அத்தனையோடும் ஒப்பிட வேண்டும். அவற்றின் மூல மாதிரிகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே போக வேண்டும், அல்லது கடனாக வரவழைக்க வேண்டும். அதன் பிறகு ஒரேயொரு வண்டைத் தெரிந்தெடுத்து, "இந்தப் பெயர் இதற்குரியது" என்று கட்டிவைப்பார்கள். அதற்கு ஹோலோடைப் என்று பெயர். நாளைக்கு எந்தத் தகராறு வந்தாலும் அந்த ஒரு வண்டுதான் சாட்சி. அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படும் என்பதையும் கட்டுரையில் எழுத வேண்டும் என்று விலங்குப் பெயரீட்டுக்கான சர்வதேச விதிகள் சொல்கின்றன. இணையத்தில் மட்டும் வெளியிடுவதென்றால் 2012 முதல் சூபேங்க் என்ற பதிவேட்டிலும் பதிய வேண்டும். நாம் தரம் 10இல் மனனம் செய்த இருசொற் பெயரீட்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இதனால்தான் தாமதம். 2007இல் விவரிக்கப்பட்ட இனங்களிலிருந்து 600ஐத் தெரிவுசெய்து பாரிஸ் இயற்கை வரலாற்று நூதனசாலை ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். பிடிக்கப்பட்ட நாளுக்கும் பெயர் வெளியான நாளுக்கும் இடையே சராசரியாக 21 வருடங்கள். 2012இல் வெளியான ஆய்வு அது. கென்யாவில் 1965இல் எடுக்கப்பட்ட ஒரு வண்டு, ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாதது, லண்டன் நூதனசாலையில் கிடந்து 2019இல்தான் பெயர் பெற்றது. கிரேட்டா துன்பர்க்கின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

கரிபியனில் இந்தத் தாமதம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு மொன்செராட் போதும். ஏறத்தாழ நூறு சதுர கிலோமீற்றர் அளவுள்ள சிறு தீவு. 1995 ஜூலையில் சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை விழித்தது. தலைநகர் பிளைமவுத் கைவிடப்பட்டு, சாம்பலிலும் சேற்றிலும் புதைந்தது. சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் வெளியேறினர். தெற்குப் பக்க மலைக்காட்டில் பெரும்பகுதி அழிந்து, நடுவிலுள்ள சென்டர் ஹில்ஸ் காடுதான் பிரதானமாக மிஞ்சியது. மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஐவியும் அவரது மாணவர்களும் அந்தத் தீவின் வண்டுகளைத் தேடிச் சேகரித்து, நூற்றுக்கணக்கான இனங்களைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் விஞ்ஞானத்துக்குப் புதியவையும் இருந்தன. மொன்செராட்டைத் தவிர வேறெங்கும் அறியப்படாதவையும் இருந்தன. எரிமலைக்கு 21 வருடத் தவணை என்பது தெரியாது.

இன்னொரு விசயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கரிபியன் வண்டுகளில் பெயர்போனது ஹர்குலிஸ் வண்டு. டொமினிக்கா, குவாடலூப் காடுகளில் வாழ்வது. கொம்போடு சேர்த்து ஆண் 17 சென்ரிமீற்றர் வரை வரும். 1758இல் அதற்குப் பெயர் வைத்தவர் லின்னேயஸ். அவர் சுவீடன்காரர், கரிபியனில் கால் வைத்ததே இல்லை. அந்தத் தீவுகளின் பூர்வீக மக்கள் அதை அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள், ஆனால் கிரேக்க வீரனின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. 1687இல் ஆளுநரின் வைத்தியராக ஜமைக்கா போன ஹான்ஸ் ஸ்லோன் செடிகளையும் பிராணிகளையும் அள்ளிச் சேர்த்தார். அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கர்களின் அறிவும் உழைப்பும் அந்தச் சேகரிப்பில் இருக்கின்றன. அந்தச் சேகரிப்பில்தான் பிரிட்டிஷ் நூதனசாலை தொடங்கியது. நமது கதையும் தூரமில்லை. 1858, 1859 காலத்தில் இலங்கைப் பூச்சிகள் பலவற்றைப் பிரான்சிஸ் வாக்கர் என்பவர் லண்டனிலிருந்துதான் விவரித்தார்.

"அங்கே வைத்ததால்தானே தப்பியது" என்று சிலர் சொல்வார்கள். அதிலும் நியாயம் உண்டு. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி டொமினிக்காவைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தோம். மூல மாதிரி பாதுகாப்பான இடத்தில் இருக்கட்டும். ஆனால் கூடவே எடுத்த மற்ற மாதிரிகளில் ஒரு பங்கும், படங்களும், கட்டுரையும் அந்தத் தீவுப் பிள்ளைகளின் கைக்கு வர வேண்டும். சொந்தக் காட்டு வண்டைப் பார்க்க விசா எடுப்பது என்ன நீதி?

இப்போது காசைப் பற்றிக் கேட்ட சகோதரருக்கு. தென்னை வைத்திருப்பவர்களுக்குச் செவ்வண்டைத் தெரியும். குருத்து வாடும்போதுதான் உள்ளே மரம் அரிக்கப்பட்டிருப்பது தெரியவரும். நமது பக்கத்து ஆசிய நாடுகளின் இந்த வண்டு 2008, 2009 அளவில் கரிபியனில் குராசாவோ, அரூபா தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கரிபியனின் சில தீவுகளிலும் தென்னமெரிக்காவிலும் அதன் சொந்தக்காரனான கறுப்புக் கூன்வண்டு ஏற்கனவே உண்டு. "பனைமரத்தில் ஒரு கூன்வண்டு" என்று மட்டும் எழுதிவைத்திருந்தால் உள்ளூர்க்காரன் எது, வந்தேறி எது என்று எப்படிப் பிரிப்பது? கறுப்பனை 1758இலும் சிவப்பனை 1790இலும் யாரோ உட்கார்ந்து விவரித்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அது எந்த ஏழைக்கும் பயன்படாத வேலையாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்குப் பெயர்கள் கற்றுக்கொடுக்கப்பட்ட செய்தி சூரா பகராவில் வருவதை மத்ரஸாப் பிள்ளையும் சொல்லும். தேனீ, எறும்பு, சிலந்தி என்று சூராக்களுக்கே பெயர் இருப்பதும் தெரியும். ஆனால் எறும்புக்கு எத்தனை கால் என்று கேட்டால் தரம் 8இல் நான்கு என்றும் எட்டு என்றும் விடை வருகிறது. இதற்குப் பிள்ளைகளை ஏசிப் பயனில்லை. பூச்சியின் உடல் மூன்று பகுதி என்று எழுதவைத்துப் புள்ளி போடுகிறோம், பூச்சியைக் கையில் கொடுப்பதில்லை.

ஆகவே இந்தத் தவணையில் என் வகுப்பில் ஒரு பயிற்சி வைக்கிறேன். விளக்கடியில் விழுந்த வண்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும், செத்தது போதும். பத்து வரியில் அதை விவரிக்க வேண்டும். "அழகானது", "சிறியது" என்ற சொற்களுக்குத் தடை. எத்தனை மில்லிமீற்றர், எந்த நிறம், எங்கே மயிர், எங்கே வரி என்று இருக்க வேண்டும். எழுதியதை மட்டும் வாசித்துவிட்டு, மேசையில் பரப்பிய இருபது வண்டுகளில் அது எது என்று இன்னொரு பிள்ளை எடுத்துக் காட்ட வேண்டும். எடுக்க முடியாவிட்டால் திருப்பி எழுத வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் பிள்ளையின் புத்தகப் பையில் தீப்பெட்டி கிடந்தால் ஏசாதீர்கள். உள்ளே இருப்பதைக் கொட்டியும் விடாதீர்கள். திகதியும் இடமும் எழுதிய துண்டு அதோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்புங்கள்.