பதினெட்டு வயதும் நமது தர்மமும்

நமது நாட்டில் தர்மத்துக்குப் பஞ்சமென்று யாரும் சொல்லிவிட முடியாது. உண்டியல் நிரம்புகிறது, அன்னதானப் பந்தி நடக்கிறது. அதைப்போலவே, ஆதரவற்ற பிள்ளைகளை வைத்து வளர்க்கும் இல்லங்களைத் தேடியும் தர்மவான்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தகப்பனார் திதியென்றால் ஒரு வேளைச் சோறு; மகனுடைய பிறந்த நாளென்றால் பாயசத்தோடு ஒரு வேளைச் சோறு; கலியாண நாளென்றால் ஒரு பெட்டி மிட்டாய். பிள்ளைகள் வரிசையாய் உட்கார்ந்து, சோற்றில் கை வைக்கும்முன் தர்மவானுக்காகப் பிரார்த்தனை செய்து, போட்டோவுக்கு முகத்தைக் காட்டி, அதன் பிறகுதான் சாப்பிட வேண்டும். தர்மவானும் புண்ணியத்தைத் தமது கணக்கில் வரவு வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

பசித்த பிள்ளைக்கு யார் போட்டாலும் சோறு சோறுதான். அதை நாம் குற்றமென்று சொல்ல வரவில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு 18 வயது முடிந்து, அவன் இல்லத்தைவிட்டு வெளியேறிய அன்று இராத்திரி எங்கே சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்று அந்தத் தர்மவான்களில் ஒருவராவது விசாரித்ததுண்டா? விசாரிக்கமாட்டார்கள். ஏனெனில், சின்னப் பிள்ளைக்குப் போட்டால்தான் புண்ணியம்; மீசை முளைத்தவனுக்குப் போட்டால் புண்ணியம் வராது என்பது தர்மவான்களின் சாஸ்திரம்!

சென்னை மாகாணத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு சட்டம் 1920-ஆம் வருஷத்திலேயே செய்யப்பட்டது. இந்தியாவில் அப்படிப்பட்ட மாகாணச் சட்டங்களில் அதுதான் முதலாவது. இன்று நடைமுறையில் இருப்பது 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். ஆதரவும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். அந்தக் குழு, பிள்ளையை எங்கே வைத்து வளர்ப்பதென்று உத்தரவு போடும். இந்தச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவரே குழந்தை. 18 நிரம்பிவிட்டால் இல்லத்தின் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது.

அந்த 18-தான் எப்படி வந்தது என்று பாருங்கள். நம்மவர்கள் பிள்ளை பிறந்தால் நாழிகை, விநாடி வரைக்கும் குறித்து ஜாதகம் எழுதுகிறார்கள். தெருவில் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைக்கு ஜாதகம் ஏது? பள்ளிக்கூடச் சான்றோ பிறப்புச் சான்றோ இல்லையென்றால், எலும்பைப் படம் பிடித்துப் பார்த்து டாக்டர் சொல்லும் வயதை வைத்துக் குழு ஒரு வயதை எழுதும். சட்டத்துக்கு அதுவே அவனுடைய உண்மையான வயது. எலும்புப் படம் சொல்வது ஒரு உத்தேசம்தான். அந்த உத்தேசத்தைக்கொண்டு எழுதிய ஒரு தேதியில் ஒருவன் குழந்தையல்லாதவனாகி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குகிறான்.

இறங்கியவனுக்கு என்ன நேருகிறது? வாடகைக்கு வீடு கேட்டால், "அப்பா என்ன செய்கிறார்? சொந்த ஊர் எது? நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்கிறார்கள். கடனுக்குப் போனால் ஜாமீன் யாரென்று கேட்கிறார்கள். வேலைக்குப் போனால் தெரிந்த மனிதர் யாரென்று கேட்கிறார்கள். இப்படிப்பட்ட வாலிபர்கள் சிலரோடு நாம் பேசியிருக்கின்றோம். அவர்களில் ஒருவர் நம்மிடம், "பசிகூடப் பெரிதில்லை ஐயா; காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கூட வந்தவர் யார் என்று கேட்டார்கள்; சொல்வதற்கு எனக்கு ஒரு பெயர் இல்லை" என்றார். நூறு பேர் வந்து சோறு போட்ட இடத்தில் வளர்ந்தவருக்கு, சொல்லிக்கொள்ள ஒரு பெயர் இல்லை! நமது தர்மத்தின் யோக்கியதையை இதைவிடத் தெளிவாக வேறு யார் எடுத்துச் சொல்ல முடியும்?

இதற்கு வைதிகர்கள் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "அது அவனவன் தலைவிதி, முன்ஜென்ம வினை" என்பார்கள். இருக்கட்டும். 18 வயது வரையில் சோறும் படுக்கையும் கொடுத்த அதே தலைவிதி, 18 முடிந்த மறுநாள் அவற்றைப் பிடுங்கிக்கொள்வானேன்? சித்திரகுப்தன் 2015-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் படித்துவிட்டா கணக்கெழுதுகிறான்? 18 என்ற எல்லையைப் போட்டவர்கள் மனிதர்கள். மனிதர்கள் போட்டதை மனிதர்களே மாற்றலாம். பிரமன் எழுத்து என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரையில்தான் அதை யாரும் மாற்றப் போவதில்லை.

மற்றொரு கூட்டத்தார், தங்களை மிகவும் காரியவாதிகளென்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், "18 வயது வந்தவன் உழைத்துப் பிழைக்க வேண்டியதுதானே? இன்னும் எத்தனை நாள் ஊரார் தலையில் உட்காருவது?" என்று கேட்பார்கள். அவர்களைத் திருப்பிக் கேட்கின்றோம்: உங்கள் மகனுக்கு 18 ஆன அன்று அவன் பெட்டியை வாசலில் வைத்தீர்களா? அவனுக்குக் காலேஜ் சம்பளம் கட்டியது யார்? கடனுக்குக் கையெழுத்துப் போட்டது யார்? முதல் வேலை போய்விட்டபோது அவன் திரும்பி வந்து படுத்த திண்ணை யாருடையது? 28 வயதிலும் உங்கள் வீட்டுச் சோற்றைத் தின்கிற மகனைச் சோம்பேறி என்று சொல்லாத நீங்கள், திண்ணையே இல்லாத 18 வயதுப் பிள்ளையைப் பார்த்து, "சொந்தக் காலில் நில்" என்று உபதேசிப்பது என்ன நியாயம்?

நிற்க, சட்டம் இவர்களை அடியோடு மறந்துவிட்டதென்றும் சொல்ல முடியாது. அதன் 46-ஆவது பிரிவு, இல்லத்தைவிட்டு 18 வயதில் வெளியேறும் பிள்ளைக்கு நிதியுதவி அளிக்கப்படலாம் என்கிறது. 2016-ஆம் வருஷத்து மாதிரி விதிகளின்படி இந்தப் பின்காப்பு 21 வயது வரையிலும், அசாதாரணமான நிலைமைகளில் மேலும் 2 வருஷத்துக்கும் கிடைக்கலாம். பிள்ளை வெளியேறுவதற்கு 2 மாதங்களுக்கு முன்பே அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதிக் குழுவின் முன் வைக்க வேண்டும். 6 முதல் 8 பேர் சேர்ந்து தங்க வீடு, தொழில் கற்கும் காலத்தில் உதவித்தொகை, தொழில் தொடங்கக் கடனுக்கு வழி, அடிக்கடி பார்த்துப் பேசி யோசனை சொல்ல ஒரு ஆலோசகர் எல்லாம் அந்த விதிகளில் சொல்லப்பட்டிருக்கின்றன. 2022-ஆம் வருஷத்து வாத்சல்யா திட்ட விதிமுறைகளில் இப்படிப்பட்டவருக்கு மாதம் 4,000 ரூபாய் என்றும் கண்டிருக்கிறது.

எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோழர்கள் நினைக்கலாம். அந்தப் பிரிவில் உள்ள ஒரு எழுத்தைக் கவனியுங்கள். "அளிக்கப்படலாம்" என்று இருக்கிறதேயொழிய, "அளிக்கப்பட வேண்டும்" என்று இல்லை. கொடுக்கலாம் என்றால் கொடுக்காமலும் இருக்கலாம். கொடுத்தால் கருணை, கொடுக்காவிட்டால் கேள்வியில்லை. பந்தியில் சோறு போட்ட தர்மவானுடைய மனசுதான் சட்டப் புத்தகத்திலும் "லாம்" என்று உட்கார்ந்திருக்கிறது. தர்மம் என்பது கொடுப்பவன் இஷ்டம். உரிமை என்பது வாங்குபவன் பாத்தியதை. தர்மத்தை எந்த நாளிலும் நிறுத்தலாம். உரிமையை நிறுத்தினால் கோர்ட்டில் கேட்கலாம். நமது வழக்கு முழுவதும் இந்த "லாம்" என்பதன்மேல்தான்.

சீமையிலே இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் 2000-ஆம் வருஷத்தில், காப்பகத்திலிருந்து வெளியேறும் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி, அந்தப் பிள்ளையை வளர்த்த உள்ளூர் ஆட்சி மன்றமே அவனுக்கு ஒரு தனி ஆலோசகரை நியமித்தாக வேண்டும். வீடு, படிப்பு, வேலை ஆகியவற்றுக்கு அவனையும் கலந்து ஒரு திட்டம் எழுதியாக வேண்டும். 2017-ஆம் வருஷத்துச் சட்டம் அந்த ஆலோசகரின் துணையை 25 வயது வரையில் கேட்டுப் பெறும்படி நீட்டியது. அங்கே எல்லாம் பொன்னாய் நடக்கிறதென்று நாம் சொல்லவில்லை. நடக்காவிட்டால் "ஏன் நடக்கவில்லை?" என்று சட்டத்தைக் காட்டிக் கேட்க அந்தப் பிள்ளைக்கு வழியிருக்கிறது என்பதையே சொல்லுகின்றோம்.

கேட்டால் நடக்கும் என்பதற்கு வெளிநாட்டுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. 2007-ஆம் வருஷத்தில் மாமல்லபுரத்துப் பக்கத்து அனாதை இல்லங்களில் பிள்ளைகள் படும் கொடுமையைப்பற்றிப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையே சுப்ரீம் கோர்ட்டில் வழக்காயிற்று. 10 வருஷம் கழித்து, 2017-ஆம் வருஷம் மே மாதத்தில் அதில் தீர்ப்பு வந்தது. நாட்டிலுள்ள இல்லங்களெல்லாம் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று அதில் உத்தரவாயிற்று. ஒரு கட்டுரைக்கு இவ்வளவு செய்ய முடியுமென்றால், ஊருக்கு ஊர் கேட்கிறவர்கள் இருந்தால் என்ன ஆகாது?

இனி சாதிச் சனியன் இங்கே எப்படி வந்து புகுந்துகொள்கிறதென்று பார்ப்போம். நமது தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், 10 வயதுக்குமுன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ காப்பார் இல்லாமல், சர்க்கார் நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார்கள். மிகவும் நல்ல காரியம். ஆனால், 11 வயதில் பெற்றோரை இழந்தவன் இதற்குள் வரமாட்டான். தகப்பன் எங்கேயோ உயிரோடிருக்கிறான் என்ற பேச்சு மட்டும் உள்ளவனும் வரமாட்டான். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெற்றவர்கள் உயிரோடிருந்தும் வறுமையாலோ குடியாலோ கைவிடப்பட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்டவன் சலுகை கேட்டுப் போனால், "உன் தகப்பன் சாதிச் சான்றைக் கொண்டுவா" என்கிறார்கள். சோறு கொடுக்காத தகப்பன் சாதியையாவது கொடுத்திருக்க வேண்டுமாம்! மகாராஷ்டிரத்தில் 2018-ஆம் வருஷத்தில் பெற்றோரில்லாத பிள்ளைகளுக்குப் படிப்பிலும் சர்க்கார் உத்தியோகத்திலும் 100-க்கு 1 என்று ஒதுக்கினார்கள். அப்படியிருக்க, வகுப்புவாரி உரிமைக்கு வழிகாட்டிய நமது நாடு, இல்லத்தில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வழி செய்யக்கூடாதா?

ஆகவே, மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். முதலாவது, சட்டத்திலுள்ள "லாம்" என்பது "வேண்டும்" என்று மாற வேண்டும். பார்லிமெண்டில் மாறும் வரையில் நமது சட்டசபை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பின்காப்பை உரிமையாக்கி நமது ராஜ்யமே முந்திக்கொள்ளலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதை முதற் கேள்வியாகக் கேளுங்கள்.

இரண்டாவது, இந்தப் பிள்ளைகளுக்காக வாதாட ஆள் வேண்டும். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இலவசமாக வக்கீல் உண்டு. பெண்ணுக்கு 18-க்குப் பிறகும் அந்த உரிமை இருக்கிறது. ஆண் பிள்ளைக்கோ 18 ஆனதும் குழந்தை என்ற பாத்தியதை போய்விடும். என்றாலும் வருமானம் குறைந்தவர் என்ற முறையில் கேட்கலாம். இதற்கான ஆபீஸ் மாவட்டக் கோர்ட்டிலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணில் டெலிபோனிலும் கேட்கலாம். நமது வக்கீல் தோழர்கள் வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மனு எழுதவும், அடையாளச் சான்று வாங்கவும், பின்காப்பு உத்தரவு கேட்கவும் துணை நின்றால், அது ஆயிரம் பந்திச் சோற்றுக்கு மேலாகும். அடையாளச் சான்று பெற உதவுவது இல்லங்கள் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று என்று சட்டமே சொல்லுகிறது. அதைச் செய்தீர்களா என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மூன்றாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் துணை வேண்டும். அது பணக்காரர் வேலையல்ல. தையற்காரர், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட ஆசிரியை, மளிகைக் கடைக்காரர் யாரும் செய்யலாம். மாதத்தில் இரண்டு முறை பார்த்துப் பேசுவது, விண்ணப்பம் நிரப்ப உடன் போவது, வேலை போனால் வேறு வேலை விசாரிப்பது, ஆஸ்பத்திரியில் "கூட வந்தவர்" என்று பெயர் கொடுப்பது ஆகிய இவைதான் வேலை. ஆனால், யாரும் நேரே இல்லத்துக்குள் புகுந்து பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, அவர்கள் விசாரித்து ஒப்புக்கொண்ட பிறகே பழக வேண்டும். போட்டோ கூடாது, பிரார்த்தனை வாங்கக் கூடாது, நமது கொள்கையையும் அவன் தலையில் கட்டக் கூடாது. நன்றியை எதிர்பார்த்துச் செய்வதும் வட்டிக்கு விடுவதும் ஒன்றேயாகும்.

அனாதை என்ற சொல்லுக்கு நாதன் இல்லாதவன் என்று பொருள். மனிதனுக்கு நாதன் தேவையில்லை. துணை தேவை, சட்டம் தேவை, சொல்லிக்கொள்ள ஒரு பெயர் தேவை. இந்த வருஷம் உங்கள் வீட்டுப் பிறந்த நாளுக்கு இல்லத்தில் சோறு போடப் போகும் தோழர்கள், அங்கே ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டு வருமாறு வேண்டிக்கொள்ளுகின்றோம்: "இந்த வருஷம் இங்கே 18 முடிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்குத் திட்டம் எழுதியாயிற்றா?" பதில் கிடைக்காவிட்டால் மறுவாரமும் போய்க் கேளுங்கள். பாயசம் இல்லாமற் போனாலும் பாதகமில்லை.