பெட்டி கொள்ளும், டிரக்டர் தாங்குமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் நுவரெலியா மாவட்டத்தில் மண் சரிந்தது. லயங்களையும் மரக்கறித் தோட்டங்களையும் விட்டுப் பல குடும்பங்கள் வெளியேறின. இப்படி இடம் மாறுவோர்க்குக் கைகொடுப்பது பெரும்பாலும் டிரக்டர் பெட்டிதான். கட்டில், தகரம், உரமூடை, விதைக்கிழங்கு எல்லாம் ஏற்றியபின் மேலே பிள்ளைகளும் ஏறிக்கொள்கிறார்கள். இரண்டாம் நடைக்கு வாடகை கொடுக்கக் கையில் காசில்லை. "பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறதே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

பெட்டியில் இடம் இருப்பது வேறு. இழுக்கும் இயந்திரத்துக்கு வலு இருப்பது வேறு. மேட்டில் பாரம் கூடினால் இயந்திரம் முக்கி நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். இறக்கத்தில் அந்த எச்சரிக்கை கிடையாது. பத்தடிக்கு ஓரடி இறங்கும் பாதையில் இரண்டு தொன் பாரம், ஏறக்குறைய 200 கிலோ எடைக்கு ஈடான விசையோடு பின்னாலிருந்து ஓயாமல் தள்ளும். றம்பொடை வளைவுகளைப் போன்ற இடத்தில், அதுவும் ஈரத்தில், பெட்டி டிரக்டரையே மடக்கிவிடலாம்.

எடையைக் கண்ணால் மதிக்கக் கூடாது. 50 கிலோ மூடை இருபது சேர்ந்தால் ஒரு தொன். ஒரு கியூப் மணல் நான்கு தொன்னுக்கு மேல். நான்கு சில்லு டிரக்டரின் எடையோ இரண்டு தொன் அளவுதான். வெறும் பெட்டியின் எடையையும் கூட்டவேண்டும். பாரம் பின்பக்கம் கூடினால் கொளுக்கி மேலே எழும்பி, டிரக்டரின் பின்சில்லுகள் பிடியிழக்கும். ஆகவே கனமானவை அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும்.

இறங்கத் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்றவேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூற்றலில் விடுவது வேண்டாம். இரண்டு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். லேண்ட்மாஸ்டர் ஓட்டுவோர் இன்னொன்றும் அறியவேண்டும்: பெட்டி தள்ளும் இறக்கத்தில் இடது கிளச்சைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். சமநிலத்தில் பழகிய கைக்கு இது நேர் எதிர்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதை டிரைவரே தீர்மானிக்கட்டும் என்பது நமது கருத்து. வாடகை கொடுப்பவர் நெருக்கினால் அவரும் பாவம் இணங்கிவிடுவார். ஆகவே பேச்சைக் காசிலிருந்து தொடங்கவேண்டும். மீள்குடியேற்றத்துக்குச் சீமெந்து, தகரம் என்று கணக்கெழுதும் நம்மைப் போன்ற அமைப்புகள் இரண்டாம் நடையின் வாடகையையும் அதில் எழுதவேண்டும். பிள்ளைகளையும் முதியோரையும் பஸ்ஸில் அனுப்பும் காசையும் அதிலேயே சேர்க்கலாம்.