புதுச் செயலி போதும், பழைய பிழையைப் பாருங்கள்

திருச்சி வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் பெரும்பாலும் புதிதாக ஒரு செயலிதான். மதிப்பெண் வந்ததும் அதைத் தொட ஆளிருக்காது. அதற்குப் பதிலாக, திறமூல மென்பொருள்களில் குவிந்திருக்கும் பிழைப் புகார்களைத் தரம்பிரிப்பதையே புராஜெக்டாக ஏற்கலாம். கவனிப்பாரற்ற திருத்தம் வெறும் தாமதமல்ல, ஆபத்து. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள ‘எக்ஸ்இசட்’ என்ற கோப்புச் சுருக்கும் நிரலை லாஸே காலின் ஏறக்குறைய தனியாளாகப் பார்த்துவந்தார். திருத்தங்கள் முடங்கிக் கிடப்பதாக 2022-இல் முகமறியாச் சில பெயர்கள் அவரை நெருக்கின. உதவ வந்த ‘ஜியா டான்’ நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்பு உரிமையும் பெற்று, 2024-இல் அந்த நிரலில் கள்ளக்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தார். அதனால் கணினி உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்ற நிரலர் சந்தேகித்ததால் பிழைத்தோம்.

மாணவர்களுக்கு அவ்வளவு ஞானம் ஏது என்பார்கள். தரம்பிரிக்க நிரல் முழுதும் புரிய வேண்டியதில்லை. பிழை இன்றைய பதிப்பிலும் வருகிறதா, எந்தப் படிகளில் வருகிறது, இதே புகார் முன்பே உள்ளதா, பழைய திருத்தம் இப்போதும் பொருந்துகிறதா என்று சோதித்து எழுதினால் போதும். தமிழ் எழுத்து சிதைகிறது என்ற புகாரை, தமிழ் தெரியாத நிரலரைவிட ஸ்ரீரங்கத்து மாணவி விரைவில் உறுதிசெய்வார். இன்னொரு ஆட்சேபம் கனமானது: மாணவர் கூட்டம் பராமரிப்பாளருக்குச் சுமையாகிவிடும். திறமூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புவோருக்குப் பரிசு தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020-இல் டி-ஷர்ட்டுக்காகக் குப்பைத் திருத்தங்கள் குவிந்து, சம்மதிக்கும் திட்டங்கள் மட்டுமே சேரலாம் என விதியை மாற்ற நேர்ந்தது. அங்கே பரிசு எண்ணிக்கைக்கு. (நம் கல்லூரிகளுக்கும் அந்த மோகம் உண்டு.) எனவே முதலில் பராமரிப்பாளரின் சம்மதம் வேண்டும், மதிப்பெண் சோதித்த விதத்துக்கு மட்டும். பராமரிப்பாளருக்குச் சம்பளம் தரும் கடமையோ நிரலை இலவசமாகப் பயன்படுத்தும் நிறுவனங்களுடையது. மாணவர் உழைப்பு அதற்கு ஈடாகாது.