குளிரா குற்றவாளி?

வடதுருவக் கரையோர மீனவக் கிராமங்கள் ஏன் வெறுமையாகின்றன என்று கேட்டால், கடுங்குளிரும் சூரியன் தோன்றா இருளுமே காரணம் என்கின்றனர். பூமிசாத்திரப் பாடத்தில் நாமும் இவ்விடைக்கே முழுப் புள்ளி வழங்குகின்றோம். இதனினும் வசதியான பொய் வேறில்லை. குளிரை எவரும் கூண்டிலேற்ற முடியாதல்லவா?

நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில், வராங்கர் நுழைகழியின் கரையிலே புகோய்னெஸ் என்னும் சிற்றூர் உண்டு. 1944இல் பின்வாங்கிய நாஸிப் படை பின்மார்க்கை எரித்துச் சாம்பராக்கியபோது தப்பிய மிகச் சில ஊர்களுள் அதுவும் ஒன்று. போருக்கும் பனிக்கும் அசையாத அவ்வூரார் 1989இல் 'டாக்பிளாடெட்' நாளிதழில் விளம்பரம் செய்தனர்: ஊர் முழுவதையும் ஏற்றுக்கொள்ள நாட்டில் வேறிடம் உண்டா என்று! மீன் தொழிற்சாலை முறிந்து வேலையற்றுப் போனதே காரணம். குளிர் அவ்வாண்டில் புதிதாக வந்துவிடவில்லை.

அடுத்து நிகழ்ந்தது இன்னுங் கொடிது. கொட் மீன்வளம் அருகியதைக் கண்ட அரசு, 1990இல் படகுக்கு இவ்வளவு என்று பங்கு வகுத்தது. முந்திய மூன்றாண்டுகளுள் போதிய மீன் பிடித்துக் காட்டிய படகுக்கே உறுதியான பங்கு. அந்த ஆண்டுகளிலோ சீல் கூட்டங்கள் படையெடுத்து வந்து, நுழைகழிகளில் மீனில்லாமற் செய்திருந்தன. வெறும் வலையோடு திரும்பியவனிடம், நீ மீனவன் என்பதற்குச் சான்று எங்கே என்று சட்டம் கேட்டது. சாமி என்னும் பூர்வகுடிச் சிறு படகோட்டிகள் பலர் இவ்வாறே வெளித்தள்ளப்பட்டனர். பின்னர் ஒரு படகின் பங்கை விலைக்கு வாங்கி மற்றொன்றோடு சேர்க்கவும் வழி திறந்தது. பிடிபடுமுன்னரே மீன் பணமுள்ளவன் பெட்டிக்குட் போயிற்று.

"மீன்வளத்தைக் காக்க வேண்டாமா?" என்பர் கனவான்கள். காக்கத்தான் வேண்டும். ஆனால் அதனை அழித்தது கரையோரத் தூண்டிலா, ஆழ்கடல் இழுவைக் கப்பலா என்று நாம் கேட்கின்றோம். காப்பது ஒன்று, காத்ததைச் சிலரின் சொத்தாக்குவது முற்றிலும் வேறொன்று. இதே நோர்வே 1938இல் இயற்றிய சட்டம், மீனின் முதல் விற்பனையை மீனவர் சங்கத்தின் கையிலே கொடுத்து, வணிகனின் பிடியைத் தளர்த்திற்று. அன்றும் பனி பெய்துகொண்டுதான் இருந்தது.

1980களில் நாட்டைவிட்டு ஓடிய நம் இளைஞர்களும் பின்மார்க் தொழிற்சாலைகளில் நின்று மீன் வெட்டினர். வெப்ப நாட்டில் பிறந்தவர்களையும் வேலை அங்கே நிறுத்திவைத்தது என்பதைக் குளிர்வாதிகள் கவனிப்பார்களாக.

புகோய்னெஸ் அழிந்துவிடவில்லை. 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பாரென்ற்ஸ் கடலில் விட்ட இராட்சத நண்டு மேற்கே பரவி, முதலில் வலைகளை நாசமாக்கிற்று. பின்னர் நல்ல விலைபெற்று அவ்வூருக்குச் சோறு போட்டது. அந்த நண்டுக்கும் இப்போது பங்கு வகுத்திருக்கின்றனர்.